கடிதம் வந்தது, காசு வரவில்லை: சிங்கப்பூரில் அரசாங்க உதவிகளைப் புரிந்துகொண்டு விண்ணப்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் உதவித் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. எந்தத் திட்டம் யாருக்கு, பணம் எந்த வடிவில் வரும், நாம் ஏதாவது செய்ய வேண்டுமா வேண்டாமா என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஒரே வீட்டுக்கு மத்திய சேம நிதிக் கழகத்திடமிருந்து (ஊழியர்களின் கட்டாயச் சேமிப்பைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) ஒரு கடிதம், சுகாதார அமைச்சிடமிருந்து இன்னொன்று, கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி, பக்கத்து வீட்டு அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு படம். நான்கிலும் நான்கு தொகைகள், நான்கு வருமான வரம்புகள். படித்தவர்களே குழம்பும்போது, தமிழ் மட்டும் தெரிந்த பாட்டி என்ன செய்வார்?

நான் அதிகாரி இல்லை. எங்கள் வட்டாரத்தில் மூத்தோருக்குக் கடிதம் படித்துச் சொல்லி, படிவம் நிரப்ப உதவுகிறவர்களில் ஒருவன். அந்தப் பழக்கத்தில் தெரிந்த வழி இது. தொகைகளும் வரம்புகளும் வரவுசெலவுத் திட்டத்தை ஒட்டி மாறக்கூடியவை. நான் தரும் எண்களுக்குப் பக்கத்தில் ஆண்டையும் சொல்லியிருக்கிறேன், விண்ணப்பிக்கும்போது புதிய எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: இது எந்த வகைப் பணம் என்று பிரியுங்கள்

எந்தக் கடிதத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: இது தானாக வருவதா, நாம் போய் எடுக்க வேண்டியதா, கேட்டால்தான் கிடைப்பதா? பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

தானாக வருபவை: 2012-இல் தொடங்கிய பொருள் சேவை வரி பற்றுச்சீட்டு, வேலை செய்த காலத்தில் குறைவாகச் சம்பாதித்த மூத்தோருக்காக 2016-இல் தொடங்கிய வெள்ளி ஆதரவுத் திட்டம் (சில்வர் சப்போர்ட்), சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கான வேலைநலன் துணை வருமானம். இவற்றுக்கு அரசாங்கமே தன்னிடம் உள்ள விவரங்களை வைத்துத் தகுதியை முடிவுசெய்கிறது. வெள்ளி ஆதரவுக்கு விண்ணப்பப் படிவம் என்ற ஒன்றே இல்லை. "நான் எழுதிப் போடவில்லை, அதனால்தான் வரவில்லை" என்று வருத்தப்படும் மூத்தோர் பலர். "விண்ணப்பம் போட்டுத் தருகிறேன், ஐம்பது வெள்ளி கொடுங்கள்" என்று யாராவது கேட்டால் அந்த ஆளை அப்படியே அனுப்பிவிடுங்கள்.

நாம் எடுக்க வேண்டியது: சிடிசி (சமூக மேம்பாட்டு மன்ற) பற்றுச்சீட்டு. இது ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. வீட்டில் ஒருவர் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான மின்னடையாளம்) மூலம் உள்ளே போய் எடுத்தால் போதும், மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளலாம். சிங்பாஸ் இல்லாத மூத்தோர் அடையாள அட்டையோடு சமூக மன்றத்துக்குப் போனால் அங்கே உதவுவார்கள். ஒரு பகுதியை அங்காடிக் கடைகளிலும் அக்கம்பக்கக் கடைகளிலும் மட்டுமே செலவு செய்யலாம், இன்னொரு பகுதி பேரங்காடிகளுக்கு. அதில் போட்டிருக்கும் கடைசித் தேதிக்குப் பிறகு அது செல்லாது. தீபாவளிச் சாமான் வாங்கலாம் என்று வைத்திருந்து மறந்துவிடாதீர்கள்.

கேட்டால்தான் கிடைப்பவை: வருமானம் போதாத குடும்பங்களுக்கான காம்கேர், மருந்தகக் கட்டணத்தில் சலுகை தரும் சாஸ் அட்டை, மருத்துவமனையில் கட்ட முடியாத ரசீதுக்கு மெடிஃபண்ட், படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான இல்லப் பராமரிப்பு மானியம். இவற்றில் நீங்கள் வாய் திறக்காவிட்டால் ஒன்றும் நடக்காது. நம்மவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த மூன்றாவது வகையைத்தான். காரணம் கூச்சம். "அரசாங்கத்துக்குத் தெரியாதா என் நிலைமை?" என்று ஒருவர் கேட்டார். தெரியாது. போன மாதம் உங்களுக்கு வேலை போனதோ, கணவர் பக்கவாதத்தில் விழுந்ததோ எந்தக் கணினியிலும் உடனே ஏறுவதில்லை.

படி 2: கடிதத்தில் எதைத் தேடுவது

கடிதத்தை வரி வரியாகப் புரிந்துகொள்ள முயல வேண்டாம். அனுப்பியது எந்த அமைப்பு, திட்டத்தின் பெயர் என்ன, யாருடைய பெயரில் வந்திருக்கிறது, தொகை எந்த வடிவில் வருகிறது, ஏதாவது தேதி இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். பென்சிலால் வட்டமிடுங்கள்.

இதில் சறுக்கும் இடம் 'எந்த வடிவில்' என்பது. "கடிதத்தில் தொகை போட்டிருக்கிறது, வங்கியில் வரவில்லை" என்பது நான் அடிக்கடி கேட்கும் புகார். பெரும்பாலும் பணம் வந்திருக்கும், வேறு இடத்துக்கு. பொருள் சேவை வரி பற்றுச்சீட்டிலேயே பல பிரிவுகள் உண்டு. ஆகஸ்ட் மாதம் வரும் ரொக்கம் ஒன்று. 65 வயதைத் தாண்டியவர்களின் மெடிசேவ் கணக்கில் (மருத்துவச் செலவுக்கான சேமிப்பு) சேருவது இன்னொன்று. அதைக் கையில் எடுக்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் யூ-சேவ் தள்ளுபடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் மின்சார, தண்ணீர்க் கட்டணத்தில் கழியும். அது வங்கிக் கணக்கைத் தொடவே தொடாது, கட்டண ரசீதில்தான் தேட வேண்டும். பிறகு நகர மன்றத்துக்குக் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு தள்ளுபடி.

ரொக்கம் வரும் வழியிலும் ஒரு முடிச்சு. "எனக்குப் பேநவ் இருக்கே" என்பார்கள், வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் வசதி அது. கைப்பேசி எண்ணோடு இணைத்த பேநவ் இதற்கு உதவாது. அடையாள அட்டை எண்ணோடு இணைத்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் பணம் முன்னதாகவே வந்துவிடும். இல்லாவிட்டால் பதிந்து வைத்த வங்கிக் கணக்குக்கு வரும். இரண்டும் இல்லாதவர்களுக்குக் காசோலை அனுப்பும் பழக்கம் போய், இப்போது கவ்கேஷ் என்ற முறையில் ஓசிபிசி வங்கியின் பண இயந்திரத்தில் எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அந்த வங்கியில் கணக்கு இருக்க வேண்டியதில்லை. முகத்தைச் சரிபார்க்கும் இயந்திரம் என்பதால் பாட்டியை நேரில் அழைத்துப் போக வேண்டும்.

கடிதத்தை விடக் குறுஞ்செய்தி இன்னும் குழப்பம். 2024 ஜூலை 1 முதல் அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்திகள் பெரும்பாலும் 'கவ்.எஸ்ஜி' என்ற ஒரே பெயரில் வருகின்றன. அதிகாரிகள் யாரும் தொலைபேசியில் பணம் அனுப்பச் சொல்வதில்லை, வங்கி ரகசிய எண்ணைக் கேட்பதில்லை, தெரியாத இடத்திலிருந்து செயலி இறக்கச் சொல்வதில்லை, உங்கள் அழைப்பைப் போலீசுக்கு மாற்றிவிடுவதுமில்லை. சந்தேகம் என்றால் 1799-ஐ அழையுங்கள், அது மோசடித் தடுப்பு உதவி எண். உதவித்தொகை வரும் மாதங்களில்தான் ஏமாற்றுக்காரர்களும் சுறுசுறுப்பாக இருப்பார்கள்.

படி 3: உங்கள் வீட்டை ஒரு தாளில் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

ஒரு வெள்ளைத் தாளில், வீட்டில் இருப்பவர்களின் பெயர், வயது, உறவு, மாத வருமானம், அடையாள அட்டையில் உள்ள முகவரி ஆகியவற்றை எழுதுங்கள். 'குடும்ப வருமானத்தைத் தலைக்கு வகுத்தால் இவ்வளவு' என்பதுதான் பல திட்டங்களின் அளவுகோல். எல்லா வருமானத்தையும் கூட்டி, வீட்டில் உள்ள தலைகளால் வகுப்பது. கைக்குழந்தையும் ஒரு தலை, வேலைக்குப் போகாத பாட்டியும் ஒரு தலை.

ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். 68 வயது பாட்டி, மாதம் 2,800 வெள்ளி சம்பாதிக்கும் மகன், பகுதிநேர வேலையில் 1,200 வெள்ளி ஈட்டும் மருமகள், பள்ளிக்குப் போகும் இரண்டு பேரப்பிள்ளைகள். மொத்தம் 4,000 வெள்ளி, ஐந்து பேர், தலைக்கு 800. சரி. இப்போது இரண்டாவது மகன் ஒருவர் இருக்கிறார், 3,500 வெள்ளி சம்பளம். திருமணமாகிப் பொங்கோலில் தனியாக இருக்கிறார், ஆனால் அடையாள அட்டையில் இன்னும் அம்மா வீட்டு முகவரிதான். கணக்கில் அவரும் வந்துவிடுகிறார். 7,500-ஐ ஆறால் வகுத்தால் தலைக்கு 1,250. வீட்டுக்குள் ஒரு காசு கூடுதலாக வரவில்லை, ஆனால் காகிதத்தில் அந்த வீடு வசதியாகிவிட்டது.

வீடு மாறினால் 28 நாளுக்குள் முகவரியை மாற்ற வேண்டும் என்பது சட்டமே. உதவி கிடைப்பதற்காகச் செய்யும் தந்திரம் என்று யாரும் தயங்க வேண்டாம், ஏற்கெனவே செய்திருக்க வேண்டிய வேலை அது. இதற்கு நேர்மாறாக, வீட்டிலேயே இருக்கும் மகனின் முகவரியை உறவினர் வீட்டுக்கு மாற்றி வைப்பது பொய்த் தகவல். அதற்கு நான் துணைபோக மாட்டேன், நீங்களும் போகாதீர்கள்.

எந்த வருமானத்தை எழுதுவது என்பது அடுத்த கேள்வி. கைக்கு வரும் சம்பளத்தை எழுதுகிறார்கள். படிவங்கள் பொதுவாகக் கேட்பது மத்திய சேம நிதி பிடிப்பதற்கு முன்னால் உள்ள முழுச் சம்பளம். மேலே சொன்ன மகனுக்கு 20 விழுக்காடு போகக் கைக்கு வருவது 2,240 வெள்ளி. படிவத்தில் எழுத வேண்டியது 2,800. மிகைநேர ஊதியம், படித்தொகை, போனஸ் எல்லாம் சேருமா என்று படிவத்தைப் பாருங்கள். சாஸ் அட்டைக்குச் சேரும். டாக்சி ஓட்டுபவர்கள், வீட்டில் பலகாரம் செய்து விற்பவர்கள் போன்ற சுயதொழில்காரர்கள் வாடகை, எண்ணெய், மூலப்பொருள் செலவைக் கழித்து மிஞ்சுவதைக் கணக்கிட வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரவும் செலவும் எழுதி வைத்திருந்தால் பெரிய உதவி.

இன்னும் ஒன்று: எல்லாத் திட்டங்களும் 'குடும்பம்' என்பதை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. சாஸ் அட்டைக்கு இரத்த உறவு, திருமணம், சட்டப்படியான தத்து ஆகியவற்றால் இணைந்து ஒரே முகவரியில் இருப்பவர்கள் குடும்பம். அறை வாடகைக்கு இருப்பவரும் பணிப்பெண்ணும் கணக்கில் இல்லை. பொருள் சேவை வரி ரொக்கமோ குடும்பத்தையே பார்ப்பதில்லை, உங்கள் தனிப்பட்ட வருமானத்தையும் நீங்கள் இருக்கும் வீட்டின் ஆண்டு மதிப்பையும் (படி 4-இல் விளக்கம்) பார்க்கிறது. "அவளுக்கு வந்தது, எனக்கு வரவில்லை" என்று ஒரே மாடியில் இருப்பவர்கள் ஒப்பிட்டுப் புழுங்குவதற்குப் பாதி காரணம் இந்த வேறுபாடுதான்.

படி 4: மூன்று சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

ஆண்டு மதிப்பு. இது உங்கள் வீட்டின் விலை இல்லை. நீங்கள் ஒரு வெள்ளி வாடகை வாங்கியிருக்க வேண்டியதும் இல்லை. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டுக்கு எவ்வளவு வரும் என்று உள்நாட்டு வருவாய் ஆணையம் மதிப்பிடும் தொகை. 2025-இல் பொருள் சேவை வரி ரொக்கத்துக்கு ஆண்டு மதிப்பு 21,000 வெள்ளி வரை என்றால் 850 வெள்ளி, அதற்கு மேல் 31,000 வரை என்றால் 450 வெள்ளி. ஒன்றுக்கு மேல் சொத்து வைத்திருந்தால் கிடையாது.

கணக்கிடப்படும் ஆண்டு. இதுதான் எல்லோரையும் கோபப்படுத்தும் விஷயம். 2025-இல் ரொக்கம் கொடுக்கும்போது பார்த்தது 2024 மதிப்பீட்டு ஆண்டின் வருமானத்தை. அதாவது நீங்கள் 2023-இல் சம்பாதித்ததை. வரம்பு 39,000 வெள்ளி. 2023-இல் நல்ல சம்பளத்தில் இருந்து 2025 தொடக்கத்தில் ஆட்குறைப்பில் வேலை இழந்தவருக்கு, கையில் காசே இல்லாத ஆண்டில் "தகுதி இல்லை" என்று பதில் வரும். அநியாயம் போலத் தோன்றும். தானாக வரும் திட்டங்கள் பின்னோக்கித்தான் பார்க்கின்றன. அவற்றிடம் இருப்பது பழைய கணக்குதான். இன்றைய நிலைமையைப் பார்ப்பது காம்கேர் போன்ற கேட்டுப் பெறும் திட்டங்கள். ஆகவே ஒரு திட்டத்தில் தகுதி இல்லை என்ற பதிலை, எதற்குமே தகுதி இல்லை என்று படிக்காதீர்கள். வேலை இழந்தவர்கள், 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்தையும் பாருங்கள். தன் விருப்பமின்றி வேலை போனவர்களுக்கு, வேலை தேடும் முயற்சிகளைச் செய்தால், ஆறு மாதத்தில் அதிகபட்சம் 6,000 வெள்ளி.

குடும்ப ஆதரவு. காம்கேர் நீண்டகால உதவி, முதுமையாலோ நோயாலோ உடற்குறையாலோ நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல், வருமானமும் குடும்ப ஆதரவும் இல்லாமல் அல்லது மிகக் குறைவாக இருப்பவர்களுக்கானது. 'குடும்ப ஆதரவு இல்லை' என்பதைப் 'பிள்ளைகளே இல்லை' என்று புரிந்துகொண்டு திரும்பிவிடுகிறார்கள். பிள்ளைகள் இருந்தும் அவர்களே கஷ்டத்தில் இருக்கலாம், தொடர்பே இல்லாமல் இருக்கலாம். அதைச் சொல்லத்தான் வேண்டும். நம் பெரியவர்களுக்கு மகனைப் பற்றிக் குறை சொல்வது போல இருக்கும், வாய் வராது. "பிள்ளை கொடுக்கிறான்" என்று கௌரவத்துக்காகச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவர்களைத் தெரியும். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வசதியிருந்தும் கொடுக்காத பிள்ளைகள் என்றால், 60 வயதைத் தாண்டிய பெற்றோருக்குப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. அங்கே முதலில் சமரசப் பேச்சுதான், உடனே வழக்கு இல்லை.

படி 5: சம்பளம் வாங்குகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்

வேலைநலன் துணை வருமானம் 2007-இல் வந்தது. 30 வயதைத் தாண்டிய, குறைந்த சம்பளக் குடிமக்களுக்கானது. உடற்குறையுள்ளவர்களுக்கு வயது பார்ப்பதில்லை. 2025 முதல் மாத வருமான உச்சவரம்பு 3,000 வெள்ளி, ஆண்டுக்கு அதிகபட்சம் 4,900 வெள்ளி. இதில் 40 விழுக்காடு ரொக்கம், மீதி 60 மத்திய சேம நிதியில் சேரும். "சொன்னதில் பாதிகூட வரவில்லை" என்பதற்கு விளக்கம் இதுதான்.

தானாக வரும் என்றேன். ஆனால் முதலாளி உங்களுக்கு மத்திய சேம நிதி கட்டினால்தான் நீங்கள் வேலை செய்வதே அரசாங்கத்துக்குத் தெரியும். சாப்பாட்டுக் கடையிலோ, துப்புரவு வேலையிலோ கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்கும் அக்காக்களுக்கு இரண்டும் போகிறது, சேமிப்பும் துணை வருமானமும். சிங்பாஸில் நுழைந்து உங்கள் மத்திய சேம நிதிக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் பணம் விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் முதலாளியிடம் கேளுங்கள், பதில் சரியில்லை என்றால் கழகத்திடம் தெரிவியுங்கள்.

சுயதொழில் செய்பவர்கள் வருமானத்தைத் தெரிவித்து, மெடிசேவுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டினால்தான் கிடைக்கும். அவர்களுக்கு ரொக்கம் 10 விழுக்காடு மட்டும், மீதி மெடிசேவில்.

படி 6: சமூகச் சேவை அலுவலகத்துக்குப் போவது

காம்கேர் 2005-இல் உருவானது. அதற்கான வாசல் உங்கள் வட்டாரச் சமூகச் சேவை அலுவலகம். தீவு முழுவதும் இருக்கின்றன. எது உங்களுடையது என்று தெரியாவிட்டால் 1800-222-0000 என்ற காம்கேர் எண்ணில் கேட்கலாம். சிங்பாஸ் வழியாக இணையத்திலும் விண்ணப்பிக்கலாம், ஆனால் நிலைமை சிக்கலாக இருப்பவர்கள் நேரில் போவதே மேல் என்பது என் கருத்து. படிவத்தில் இல்லாத கட்டங்களையும் வாயால் சொல்ல முடியும் அல்லவா.

குறுகிய, நடுத்தரக் கால உதவி என்பது வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள், நோயால் சிறிது காலம் வேலைக்குப் போக முடியாதவர்கள், சம்பளம் போதாதவர்கள் ஆகியோருக்கு. மாதாமாதம் ரொக்கம், வாடகை, மின்சார, பராமரிப்புக் கட்டணங்கள், மருத்துவச் செலவு, வேலை தேட உதவி என்று நிலைமைக்கு ஏற்பக் கிடைக்கும். வருமான வரம்பு ஒன்று உண்டு, ஆனால் அது ஒரு வழிகாட்டி எண்தான். சற்றுக் கூடுதலாக இருந்தாலும் குடும்பத்தின் முழு நிலைமையைப் பார்த்து முடிவெடுக்கும் இடம் அதிகாரிகளுக்கு இருக்கிறது. அதனால் இணையத்தில் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே உங்களை நீங்களே நிராகரித்துக்கொள்ளாதீர்கள்.

விண்ணப்பிக்கிறவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும், நெருங்கிய குடும்பத்தில் ஒருவராவது சிங்கப்பூரராக இருக்க வேண்டும். ஊரிலிருந்து திருமணமாகி வந்து நீண்டகால வருகை அட்டையில் இருக்கும் பெண்கள், கணவர் இறந்தோ பிரிந்தோ போனால் நமக்கு எதுவும் கிடைக்காது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பிள்ளைகள் சிங்கப்பூரர்கள் என்றால் கண்டிப்பாகச் சமூகச் சேவை அலுவலகத்திலோ குடும்பச் சேவை நிலையத்திலோ போய்ப் பேசுங்கள். வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் ஊழியர்களுக்கு இந்தத் திட்டங்கள் பொருந்தா. சம்பளப் பாக்கி, வேலையிடக் காயம் போன்றவற்றுக்கு அவர்கள் மனிதவள அமைச்சிடம் போக வேண்டும்.

எடுத்துப் போக வேண்டியவை: எல்லோருடைய அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டுகள், மத்திய சேம நிதி அறிக்கை, வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை நீக்கக் கடிதம் அல்லது மருத்துவச் சான்று, கட்டாமல் நிற்கும் கட்டண ரசீதுகள். கடைசியாகச் சொன்ன ரசீதுகளைப் பலர் வெட்கப்பட்டு வீட்டிலேயே விட்டுவிடுவார்கள். அவைதான் உங்கள் நிலைமையை உங்களை விடத் தெளிவாகப் பேசும். படி 3-இல் எழுதிய தாளை மேலே வையுங்கள்.

உள்ளே போனதும் தமிழ் பேசும் அதிகாரி இருக்கிறாரா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் மொழிபெயர்க்க ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். பத்து வயதுப் பேத்தியை அழைத்துப் போகாதீர்கள். அவளுக்கு ஆங்கிலம் நன்றாக வரலாம், ஆனால் வீட்டின் கடன் கணக்கு முழுவதும் அந்தப் பிள்ளை காதில் விழ வேண்டுமா?

பேசும்போது, "கஷ்டமா இருக்கு, மிஸ்" என்று சொன்னால் அதிகாரிக்கு ஒன்றும் புரியாது. "மார்ச்சில் வேலை போனது. சேமிப்பில் இவ்வளவு இருக்கிறது. மூன்று மாத வாடகை பாக்கி. மாமியாருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ்" என்று சொன்னால் புரியும். கிளம்பும் முன் இவற்றைக் கேட்டு, பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்: என் விண்ணப்பம் எந்தத் திட்டத்துக்கு? இன்னும் என்ன ஆவணம் தர வேண்டும், எந்தத் தேதிக்குள்? முடிவு எப்படித் தெரியும்? யாரைக் கேட்பது? அதிகாரியின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அழைக்கும்போது அந்தப் பெயர் பாதி வேலையைக் குறைக்கும்.

காம்கேர் விண்ணப்பத்துக்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவும் எல்லா ஆவணங்களும் கைக்கு வந்த பிறகு. வீட்டில் அரிசி இல்லை, அவ்வளவு நாள் தாங்காது என்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவசரநிலையில் இடைக்கால உதவி தர வழி இருக்கிறது. கேட்காதவருக்கு அவசரம் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

படி 7: மருத்துவச் செலவு தனி வாசல்

சாஸ் அட்டைக்கு நீலம், ஆரஞ்சு, பச்சை என்று மூன்று நிறங்கள். நீலத்துக்குச் சலுகை அதிகம், பச்சை வருமானம் பார்க்காமல் விண்ணப்பிக்கும் எந்தக் குடிமகனுக்கும் கிடைக்கும். மூத்தோருக்கான முன்னோடித் தலைமுறை அல்லது மெர்டேக்கா தலைமுறை அட்டை வைத்திருப்பவர்களுக்கு அந்த அட்டையிலேயே சலுகை இருக்கிறது. விண்ணப்பம் பாதியில் நின்றால், வீட்டில் வயது வந்த யாராவது ஒப்புதல் தராமல் விட்டிருப்பார்கள். இரவு வேலைக்குப் போகும் மகன் கையெழுத்துப் போட மறந்தால் மொத்தக் குடும்பமும் காத்திருக்க வேண்டியதுதான்.

மருத்துவமனை ரசீது மலை போல வந்துவிட்டால், மானியம், மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி, மெடிசேவ் எல்லாம் போக மிஞ்சும் தொகைக்கு மெடிஃபண்ட் இருக்கிறது, 1993-இல் தொடங்கியது. இதற்குச் சமூகச் சேவை அலுவலகம் போக வேண்டாம். அதே மருத்துவமனையில் மருத்துவச் சமூக சேவையாளரைப் பார்க்க வேண்டும் என்று தாதியிடம் சொல்லுங்கள். வீடு திரும்பும் முன்னரே சொன்னால் நல்லது.

இல்லப் பராமரிப்பு மானியத்தில் 'அன்றாடச் செயல்கள்' என்று வரும். குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறை செல்வது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்று ஆறு. இவற்றில் குறைந்தது மூன்றுக்கு எப்போதும் உதவி தேவைப்பட வேண்டும். மதிப்பிட வருபவர் முன்னால் மட்டும் தாத்தா வீரமாக எழுந்து நடந்து காட்டுவார்! முந்தின ஒரு வாரம் அவருக்கு எதற்கெல்லாம் கைகொடுத்தீர்கள் என்று எழுதி வைத்துக் காட்டுங்கள்.

படி 8: இல்லை என்று சொன்னால்

வாய்வழியாக "கிடைக்காது" என்று சொன்னால், அது முடிவா, முன்கூட்டிய அபிப்பிராயமா என்று மரியாதையாகக் கேளுங்கள். முடிவு என்றால் எழுத்தில் கேளுங்கள். காரணம் தெரியாமல் மேல்முறையீடு செய்வதில் பயனில்லை.

காரணம் தெரிந்ததும் அதற்குப் பதில் சொல்லும் புதிய தகவலைக் கொடுங்கள். வருமானம் அதிகம் என்றார்களா? யாருடைய வருமானம் சேர்ந்தது, அவர் இப்போதும் அந்த வீட்டில் இருக்கிறாரா, அந்த வேலை இன்னும் இருக்கிறதா? வெள்ளி ஆதரவுக்கு 55 வயதுக்குள் சேர்ந்த மத்திய சேம நிதி 140,000 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது, 2025 முதல் குடும்ப வருமானம் தலைக்கு 2,300 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது. முதல் காரணத்தை மாற்ற முடியாது, இரண்டாவதில் பழைய விவரம் இருந்தால் கழகத்திடம் எடுத்துச் சொல்லலாம். அதே கடிதத்தை அதே சொற்களில் மறுபடி அனுப்பினால் அதே பதில்தான் வரும்.

நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போகலாம். அங்கே எழுதித் தரும் கடிதம் உங்கள் விவகாரத்தை மறுபடி பார்க்கச் சொல்லும், தகுதி விதிகளை மாற்றாது. ஆவணங்களோடு போனால் தொண்டூழியர் நல்ல கடிதம் எழுதித் தருவார்.

சிண்டா என்ற இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் 1991 முதல் இந்தியக் குடும்பங்களுக்காக இருக்கிறது. எங்கே போவது என்றே தெரியாத நிலையில் தமிழில் பேச அது நல்ல தொடக்கம். தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பள்ளிவாசல் வழியாக மூயிஸின் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) ஸக்காத் உதவியைக் கேட்கலாம். குடும்பச் சண்டை, கடன், மனச்சோர்வு எல்லாம் சேர்ந்து கிடக்கிறது என்றால் குடும்பச் சேவை நிலையத்தின் சமூக சேவையாளரிடம் முழுவதையும் ஒரே இடத்தில் கொட்டலாம்.

கிடைத்த பிறகு

காம்கேர் குறுகியகால உதவி குறிப்பிட்ட மாதங்களுக்குத்தான். கடிதத்தில் முடியும் மாதம் இருக்கும், அதை நாள்காட்டியில் குறியுங்கள். நிலைமை மாறவில்லை என்றால் உதவி முடிவதற்கு முன்பே பேசுங்கள். நின்றபின் போனால் இடையில் ஒரு மாதம் வெறுமையாகப் போகும். வேலை கிடைத்தாலும், யாராவது வீட்டுக்குள் வந்தாலும் போனாலும் தெரிவியுங்கள். வேலை தேடுவது, பயிற்சிக்குப் போவது என்று ஒப்புக்கொண்டவற்றைச் செய்ததற்கான சான்றுகளை வைத்திருங்கள்: நேர்காணல் குறுஞ்செய்தி, விண்ணப்பித்த தேதி, எதுவானாலும். எல்லாக் கடிதங்களும் ஒரே கோப்பில் இருக்கட்டும், புதியது மேலே. சாஸ் அட்டையின் காலாவதித் தேதியையும் அதன் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.